ஆணியில் மாட்டிய சாவி

கால்நடை மருத்துவமனையை நல்லபடியாக நடத்தப் பத்து வழிகள் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து எதற்கு என்றுதான் புரியவில்லை. கையில் விரல் பத்து இருக்கிறது என்பதற்காகவா? இருபத்தொன்பது வருஷம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஜட்கா குதிரைக்கும் வைத்தியம் பார்த்ததில் உருப்படியாக நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. அதுவும் சுவரில் அடித்த ஓர் ஆணி சம்பந்தப்பட்டது. மற்ற ஒன்பதையும் நீங்கள் எந்தப் புத்தகத்திலாவது படித்துக்கொள்ளலாம். அட்டவணையெல்லாம் போட்டு அழகாக எழுதியிருப்பார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நான் பொறுப்பேற்ற கால்நடை மருந்தகம் ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் இடையே ஒரு சின்ன ஊரில் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். இன்னும் அங்கே என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுக் கட்டடம் ஒன்று, மாட்டை நிறுத்திக் கட்ட மரச்சட்டம் ஒன்று, கம்பவுண்டர் ஒருவர், நான். இவ்வளவுதான் மருந்தகம். எனக்கு வயது இருபத்தாறு. சென்னையில் படித்துவிட்டு வந்தவன் என்ற நினைப்பு தலையில் கனமாகவே இருந்தது.

மற்ற ஜில்லாக்களில் மாடு செத்துவிட்டால் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடலாம். எங்கள் பக்கம் அப்படியில்லை. மாடு கண்ணை மூடிய மறு நிமிஷம் ஒரு கேள்வி வரும்: "தோல உரிச்சிக்கலாமா சார்?" பாலாற்றை ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எங்கே பார்த்தாலும் தோல் பதனிடும் டேனரி. எந்தக் கிராமத்தில் எந்த மாடு விழுந்தாலும் அதன் தோல் இரண்டு நாளில் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். டாக்டர் பக்கத்தில் இருந்தால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு உரிப்பது அங்கே வழக்கம். அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு எடை என்று எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

கம்பவுண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் கம்பவுண்டர் என்றே இருக்கட்டும். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எனக்கு முன் இரண்டு டாக்டர்களைப் பார்த்தவர். மற்றவர்கள் சட்டைப் பையில் வெற்றிலை வைத்திருப்பதைப்போல அவர் இரண்டு கண்ணாடிச் சில்லுகளைக் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பார். ரத்தம் தடவிப் பார்க்கிற சில்லு. நான் சேர்ந்த முதல் மாதம் ஒரு கன்றுக்குட்டிக்கு நான் சொன்ன மருந்தின் அளவைக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குமோ சார்?" என்றார். சுற்றிலும் நாலு பேர் நின்றிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"இங்க யார் டாக்டர்? நானா, நீங்களா?" என்றேன்.

அளவு ஜாஸ்திதான் என்று அன்று சாயங்காலமே புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மறுநாள் யாரும் கவனிக்காதபடி குறைத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் வாயே திறப்பதில்லை. சொன்னதைச் செய்வார், கேட்டதை எடுத்துத் தருவார். மருந்தகம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியை நான் நல்ல நிர்வாகம் என்று நினைத்தேன். ஊருக்குக் கடிதம் எழுதும்போது அப்பாவிடம் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டேன்.

அதோடு இன்னொரு காரியமும் செய்தேன். மைக்ராஸ்கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடம் வைத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் அது மேசைமேலேயே இருந்ததாம். அரசாங்கச் சொத்து, உடைந்தால் யார் தலை உருளும்? என் தலைதான். அதனால் சாவி என் இடுப்புக் கொத்தில் தொங்கியது.

இப்போது அந்தக் காளைக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். இரண்டு மைல் தள்ளி இருந்த கிராமத்திலிருந்து ஒருவர் ஓடிவந்தார். அவருடைய கறுப்புக் காளை இளஞ்சோளத்தில் புகுந்து மேய்ந்துவிட்டதாம், வயிறு பானைபோல உப்பிவிட்டதாம். நானும் கம்பவுண்டரும் ஆளுக்கொரு சைக்கிளில் போனோம். அவர் சொன்னது சரி, வயிறு பானைதான். மாடு தள்ளாடியபடி நின்றிருந்தது. மூச்சு இழுத்தது. ஊரே கூடியிருந்தது.

அந்தச் சமயத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். ட்ரோக்கார் என்ற மும்முனைக் குத்தூசியை எடுத்து இடது விலாப்பள்ளத்தில் ஒரே குத்து. புஸ்ஸென்று காற்று இறங்கியது. கூட்டம் 'ஆ' என்றது. எனக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்வு கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. காளை முன்னங்காலை மடித்துச் சரிந்தது, இரண்டு தடவை உதைத்தது, செத்துப்போனது.

டாக்டர் குத்தினார், மாடு செத்தது. கூட்டத்தின் கண்ணில் அதுதான் நடந்தது. வயிற்று உப்பல் மிஞ்சிப் போய்விட்டது, இன்னும் முன்னாடி கூப்பிட்டிருக்க வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கம்பவுண்டர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"சார், குத்தின எடத்துல ரத்தம் நிக்கவே இல்ல. கறுப்பா ஓடுது. காதுல ஒரு சொட்டு எடுத்துடலாமா?"

அவர் கேட்டதன் அர்த்தம் எனக்குத் தெரியும். திடீரென்று செத்த மாட்டின் ரத்தம் உறையாமல் கறுப்பாக ஓடினால் அது அடைப்பானாக இருக்கலாம். அடைப்பான் என்றால் ஆந்த்ராக்ஸ். மாட்டோடு நிற்காத நோய். உரிக்கிறவன் கை வழியாக மனிதனுக்கு ஏறும். அப்படிச் சந்தேகம் இருந்தால் கத்தியே வைக்கக் கூடாது, அப்படியே ஆழப் புதைக்க வேண்டும். எல்லாம் தெரியும். ஆனால் அத்தனை பேர் முன்னால், மாட்டைக் கொன்ற டாக்டர் என்ற பார்வைக்கு நடுவில், 'நான் சொன்னது தப்பாக இருக்கலாம்' என்று இறங்கிவர எனக்கு மனம் வரவில்லை.

"வயித்து உப்பல்னு சொன்னேன் இல்ல? உங்க வேலையப் பாருங்க," என்றேன்.

மாட்டுக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏழு வருஷம் எனக்கு உழுத மாடு சார். கறி போட வுட மாட்டேன், பொதைச்சிடறேன். தோல மட்டும் உரிச்சிக்கலாமா?"

"உரிச்சிக்கோங்க," என்றேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம்கூட இல்லை, வெறும் கௌரவம். கூட்டத்துக்குப் பின்னால் கத்தியோடு காத்துக்கொண்டிருந்தவர் முன்னால் வந்தார். சேரியிலிருந்து வந்தவர், நாற்பது வயதிருக்கும். ஒல்லியான கை. வயிற்று நடுவில் ஒரே கோடு இழுத்து, ஓர் இடத்திலும் கத்தி பட்டுக் கிழியாமல் உரிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் நின்று அந்த வேலையை ரசித்துவிட்டுக் கிளம்பினேன். அவர் பெயரைக் கேட்கவில்லை. ஊரில் எல்லோரும் 'தோல்காரன்' என்றார்கள், எனக்கும் அதுவே போதும் என்று பட்டது.

மூன்றாம் நாள் காலை. ஒரு நாயின் ரத்தத்தைப் பார்ப்பதற்காக அலமாரியைத் திறந்து மைக்ராஸ்கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தேன். மேசை ஓரத்தில், மைக் குப்பிக்குப் பக்கத்தில், காகிதத்தில் மடித்து ஒரு சில்லு கிடந்தது. முந்தின நாளும் அது அங்கேதான் கிடந்தது. பார்த்திருக்கிறேன், யாருடைய குப்பையோ என்று நகர்த்தியும் வைத்திருக்கிறேன். இப்போது காகிதத்தைப் பிரித்தேன். உள்ளே பென்சிலில் எழுதியிருந்தது: 'கறுப்புக் காளை. இடது காது.' சில்லில் சாயம்கூட ஏற்றித் தயாராக இருந்தது.

நான் அதட்டிய பிறகும், நான் மாட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த மனிதர் குனிந்து காதில் ஒரு சொட்டு எடுத்திருக்கிறார்.

கண்ணை வைத்துப் பார்த்தேன். மூங்கிலைத் துண்டு துண்டாக நறுக்கி வரிசையாக வைத்தது மாதிரி கிருமிகள். பாடப் புத்தகத்தில் படமாகப் போட்டிருந்தது அப்படியே இருந்தது. இரண்டாம் தடவை பார்த்தேன். 

"கம்பவுண்டர்!" என்று கத்தினேன். அவர் ஓடிவந்து வாசலில் நின்றார்.

"இது எப்ப இங்க வச்சீங்க?"

"அன்னிக்கே சார். சாயங்காலமே சாயம் ஏத்திட்டேன். பாக்கறதுக்குச் சாவி உங்ககிட்ட இருந்திச்சி."

"கேட்டிருக்கலாமே! ரெண்டு நாள் ஆச்சே!"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கேட்டேனே சார். செத்த மாட்டுப் பக்கத்துலயே கேட்டேன்."

 அவர் பயந்தார் என்றால் அந்தப் பயத்தை ஊட்டியவன் நான். அடுத்த டாக்டராவது பார்ப்பார் என்று விடாமல், என் கண்ணில் படுகிற இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தாரே, அதுவே பெரிது. அந்த இரண்டு நாளும் அங்கே ஒருவர் கையில் விஷம் ஏறிக்கொண்டிருக்க, இங்கே நான் அந்தச் சில்லை மைக் குப்பிக்கு அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கணக்காகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் மூளை என்ன செய்தது தெரியுமா? உடனே தப்பிக்கப் பார்த்தது. வேலூர் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி, சில்லையும் அனுப்பி, உறுதி செய்துகொண்டு பிறகு நடவடிக்கை எடுக்கலாம் என்று தோன்றியது. முறைப்படி அதில் குற்றம் சொல்ல முடியாது. பதில் வர ஒரு வாரம் ஆகும். அதற்குள் தோல் ஊறப்போட்டு ஆயிரம் கை பட்டிருக்கும். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். கம்பவுண்டர் இரண்டடி உள்ளே வந்தார்.

"சார், கடிதாசி அப்புறம். தோல் ஆம்பூர் போயிருக்கும், அத நீங்க போய்ச் சொன்னாத்தான் கேப்பாங்க. நான் முனிரத்தினத்தப் பாக்கறேன்."

"எந்த முனிரத்தினம்?"

"தோல் உரிச்சாரே, அவருதான்."

பேனாவை வைத்தேன். ஒரு மனிதனின் உயிர் என்னால் ஆபத்தில் இருக்கிறது, அவன் பெயரைக் கம்பவுண்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சரி என்று தலையாட்டினேன். அவர் சைக்கிளில் கிராமத்துக்குப் போனார், நான் பஸ் பிடித்து ஆம்பூர் போனேன்.

அந்தப் பகுதித் தோல்களையெல்லாம் வாங்குகிற டேனரி எது என்று எல்லோருக்கும் தெரியும். பச்சைத் தோல் கிடங்கில் உப்புப் போட்டு அடுக்கிய தோல்கள் ஆள் உயரத்துக்கு இருந்தன. பத்துப் பதினைந்து பேர் வெறுங்கையோடு புரட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோலைத் தரம் பிரிக்கும் கரீம் பாய் நின்றிருந்தார். தோலைத் தடவிப் பார்த்தே மாட்டின் ஜாதகத்தைச் சொல்வார் என்று அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். எந்த மாட்டுக்கு யார் சூடு போட்டார், எது முள்வேலியில் உரசியது, எந்த டாக்டர் ஊசி போட்ட இடம் சீழ் பிடித்தது, எல்லாம் அவருக்குத் தெரியுமாம்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஆரம்பித்தேன். "பாய், ஒரு சின்ன விஷயம். முந்தாநாள் எங்க பக்கத்துலேர்ந்து வந்த தோல்ல ஒண்ணு, கொஞ்சம், நோய் இருக்குமோன்னு ஒரு சந்தேகம்..."

அவர் கையை உயர்த்தினார். "டாக்டர் சாப், சந்தேகமா, நிச்சயமா? சந்தேகம்னா நான் வேலைய நிறுத்த மாட்டேன், ஜாக்கிரதையா இருங்கடான்னு சொல்வேன். நிச்சயம்னா எல்லாரையும் வெளிய அனுப்புவேன். இன்னான்னு நேராச் சொல்லுங்க."

இப்படி முகத்துக்கு நேரே யாரும் என்னைக் கேட்டதில்லை. சுற்றி வளைக்க இடமே இல்லை.

"நிச்சயம். அடைப்பான். தப்பு என் மேலதான். நான்தான் பாக்காம உரிக்கச் சொன்னேன்."

அவர் உடனே திரும்பிப் பலமாகக் கையைத் தட்டினார். "சப் பாஹர்! எல்லாம் வெளிய வா! எவனும் மூஞ்சியத் தொடாதே, நேரா கொழாய்க்குப் போ!" ஒரு நிமிஷத்தில் கிடங்கு காலி. அதற்குப் பிறகு என்னைப் பார்த்தார். "அடையாளம் இன்னா?"

"கறுப்புக் காளை."

"இங்க பாதி கறுப்புதான். வேற?"

 அத்தனை தோலையும் எரிக்கச் சொல்வதா? முதலாளி சம்மதிப்பாரா? நான் அந்த மாட்டைப் பார்த்ததே கால் மணி நேரம். கொம்பு நினைவிருந்தது, கொம்பு தோலில் இல்லை. பிறகுதான் பளிச்சென்று தோன்றியது.

"ஒரு ஓட்ட இருக்கும். இடது பக்கம், விலாவுக்குப் பின்னால. மூணு மூலையா, விரல் நுழையற மாதிரி. நான் குத்தினது."

கரீம் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அரே! அந்த ஓட்டயப் போட்டது நீங்களா? நேத்துக் காலைல அது என் கையிலதான் இருந்திச்சி. ஒரு கீறல் இல்லாத தோலு, அப்படி உரிச்சிருக்கான். நடுவுல வந்து எவனோ பொத்தல் போட்டு நாசம் பண்ணிட்டானேன்னு அரை மணி நேரம் திட்டுனேன். நல்ல அடுக்குல சேக்கவே இல்ல. அதோ, மூலையில தனியா எறிஞ்சேன், அப்படியே கெடக்குது பாருங்க."

ஜன்னலுக்குக் கீழே, மற்ற எதிலும் ஒட்டாமல், அந்தக் கறுப்புத் தோல் சுருண்டு கிடந்தது. நான் குத்திய ஓட்டை கிடங்கின் வாசலிலிருந்தே தெரிந்தது. நான் அங்கேயே ஓர் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.  என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களில் அந்த ஓட்டையைப்போல எதற்கும் நான் சந்தோஷப்பட்டதில்லை.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. முதலாளி வந்தார், கேட்டார், எரிக்கச் சொன்னார். முன்னெச்சரிக்கையாக அந்தப் பக்கம் கிடந்த கழிவுத் தோல்களும் சேர்ந்து எரிந்தன. அந்தக் கறுப்புத் தோலைத் தொட்ட மூன்று பேரை, கரீம் பாயையும் சேர்த்து, ஆம்பூர் டாக்டரிடம் காட்டி ஒரு வாரம் கவனிக்க ஏற்பாடு. மூவருக்கும் ஒன்றும் வரவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கிளம்பும்போது முதலாளி என் தோளைத் தொட்டு, "ஆளு மூலமா சொல்லி அனுப்பியிருந்தா நாளைக்குப் பாக்கலாம்னு வுட்டிருப்பேன் சாப். நீங்களே வந்தீங்க, அதான்," என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் தலை இன்னும் தப்பவில்லை என்பது உறைத்தது. முனிரத்தினம் என்ன ஆனாரோ?

மருந்தகத்தில் கம்பவுண்டர் கலக்கமான முகத்தோடு காத்திருந்தார்.

"இருக்காரா?" என்றேன்.

"இருக்கார் சார். ஆனா முழங்கைக்குக் கீழ ஒரு கொப்பளம். நடுவுல கறுத்துப்போயிருக்கு. சுத்தி வீக்கம். பூச்சி கடிச்சதுன்னு சொல்றாரு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, நோவே இல்ல, எதுக்குப் போவணும்ங்கறாரு."

வலியில்லாத கறுப்புப் புண். அதுதான் அந்த நோயின் முத்திரை. வலித்திருந்தாலாவது அவரே டாக்டரைத் தேடிப் போயிருப்பார். "இப்ப எங்க அவர்?"

கம்பவுண்டர் ஓரடி பின்னால் போனார். "வேலூருக்கு அனுப்பிட்டேன் சார். அவரு சம்சாரம் பட்டம்மாவும் கூடப் போயிருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதாசி வேணும் இல்லயா... இன்னா நோவுன்னு எழுதி, உங்க ரப்பர் ஸ்டாம்ப வச்சி, கீழ நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். உங்களுக்காகக் காத்திருந்தா மத்தியான பஸ் போயிடும். தப்புன்னா என்மேல எழுதிக்கங்க சார்."

ஒரு வாரத்துக்கு முன்னால் இதே காரியத்தைச் செய்திருந்தால் அவரை வேலையை விட்டு அனுப்ப மனு எழுதியிருப்பேன். அன்று எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் வேலூர் போனேன். முனிரத்தினம் வார்டில் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் இருந்தது, கை தோள்வரை வீங்கியிருந்தது. பென்சிலின் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். பட்டம்மாள் என்னை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்.

"ஐயா, உரிக்கச் சொன்னது நீங்கதானாமே?"

"ஆமாம்மா."

"அத அவருகிட்ட நீங்களே சொல்லுங்க. தன்னோட கத்தி பட்டுத்தான் இப்படி ஆயிட்டுதுன்னு அவரு தன்னையே திட்டிக்கினு கெடக்கறாரு."

அந்த இரண்டு நாளும் நான் வேலூரிலேயே கிடந்தேன். ஆனால் உள்ளே போய்ச் சொல்ல தைரியம் வரவில்லை. ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தேன், டாக்டரிடம் பேசினேன், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை காய்ச்சல் விட்டிருந்தது. வீக்கம் முழங்கைக்குக் கீழே வடிந்திருந்தது. பிழைத்துவிட்டார் என்று டாக்டர் சொன்னார். வேலூர்க் கோட்டைச் சுவரை எட்டி உதைத்தால் விழுந்துவிடும் என்று தோன்றுமளவுக்கு உடம்பில் தெம்பு வந்தது. போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கம்பவுண்டர் எச்சரித்ததையும், நான் அதட்டியதையும், மைக் குப்பிக்குப் பக்கத்தில் கிடந்த சில்லையும் விடவில்லை.

முனிரத்தினம் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "நீங்க படிச்சவரு, சொன்னீங்க, உரிச்சேன்," என்றார். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். "இனிமே நீங்க சொன்னா உரிக்க மாட்டேன் சார். கம்பவுண்டரும் சொல்லணும்."

பட்டம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். முனிரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகத்தான் சொன்னார்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஓர் ஆணி வாங்கினேன். மைக்ராஸ்கோப் மேசைக்கு மேலே, எல்லோர் கைக்கும் எட்டுகிற உயரத்தில் அடித்து, அலமாரிச் சாவியை அதில் மாட்டினேன். "கம்பவுண்டர், நான் இருந்தாலும் இல்லாட்டியும் நீங்க எடுத்துப் பாக்கலாம். பாத்து, நான் சொன்னது தப்புன்னா, அத்தன பேர் முன்னாலயும் சொல்லலாம்," என்றேன். அவர் நம்பவில்லை. நம்ப ஆறு மாதம் ஆயிற்று. அந்த ஆறு மாதத்தில் இரண்டு தடவை எனக்குப் பழைய கோபம் மூக்குக்குமேல் வந்தது. அப்போதெல்லாம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் பேசி முடிக்கிறவரை நிற்பேன். கையைக் கட்டினால் வாயும் கொஞ்சம் கட்டுப்படுகிறது, வேண்டுமானால் நீங்களும் செய்து பாருங்கள். நடந்ததை அப்படியே எழுதி மேலிடத்துக்கும் அனுப்பினேன். மெமோ வந்தது, கடுமையாகத்தான் இருந்தது. வேலை போகவில்லை.

'டாக்டரே கம்பவுண்டரைக் கேட்டுத்தான் வைத்தியம் பார்க்கிறார்' என்று ஊரில் கேலி பேசினார்கள். பேசிக்கொண்டே மாட்டை ஓட்டிக்கொண்டும் வந்தார்கள். முன்பெல்லாம் மாடு சாகிற நிலையில்தான் வருவார்கள், இப்போது தீனி எடுக்கவில்லை என்றதுமே வந்தார்கள். இந்த டாக்டர் தப்புச் செய்தால் ஒளிக்க மாட்டார், அங்கே இரண்டு பேர் பார்க்கிறார்கள் என்ற பேச்சு பேரணாம்பட்டுவரை போயிருந்தது. நன்றாக நடக்கிற மருந்தகம் என்று அதற்குப் பெயர் வந்ததெல்லாம் இப்படித்தான். நான் வேறெதுவும் செய்யவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து எனக்கு மாற்றல் வந்து வேலூருக்குக் குடிவந்தேன். என் இடத்துக்கு வந்த இளைஞர் கெட்டிக்காரர், சென்னையில் மெடல் வாங்கியவர். வந்த மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். குடிக்காமல் பொரிந்து தள்ளினார்.

"அந்த ஊர் ஆளுங்களை நீங்க ரொம்பக் கெடுத்து வச்சிருக்கீங்க சார். நேத்து ஒரு எருமை செத்துது. உரிக்கலாம்னு நான் சொல்றேன், ஒரு ஆளு கத்திய மடியில வச்சிக்கிட்டு அசையாம உக்காந்திருக்கான். கம்பவுண்டர் பாத்தாரான்னு என்னையே கேக்கறான்! அத்தன பேர் முன்னால!"

"அவர் கையில, முழங்கைக்குக் கீழ, ஒரு வட்டத் தழும்பு இருந்ததா?" என்று கேட்டேன்.

"இருந்தது. ஏன்?"

"அத நான் போட்டேன்," என்றேன்.

பிறகு உங்களுக்குச் சொன்ன இதே கதையை அவருக்கும் சொன்னேன். காபி ஆறி ஏடு படிந்துவிட்டது.  நான் முடித்ததும் காபியைத் தள்ளி வைத்தார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஆணி இன்னும் அங்கதான் சார் இருக்கு," என்றார்.